காட்டமான பேச்சும் பொய்ப் பேச்சும்

கேள்வி: அனுமதி இல்லாமல் குடியேறியவர்களை வெளியேற்றுவது அமெரிக்க அரசின் உரிமை. தலைவர்கள் அதைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகப் பேசினால் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?

பதில்: உரிமைதான். தங்க அனுமதி இல்லாதவரை விசாரித்துத் திருப்பி அனுப்புவது எந்த அரசும் செய்கிற வேலை. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. காட்டமாகப் பேசட்டும். பொய் பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே குடியேறிய ஹைட்டி மக்கள் ஊராரின் நாய், பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று 2024-ல் ஒரு வதந்தி கிளம்பியது. நம்பத்தகுந்த புகார் ஒன்றுகூட இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. அதற்குப் பிறகும் டிரம்ப், செப்டம்பர் 10-ம் தேதி தேர்தல் விவாத மேடையில் அதையே கோடிக்கணக்கானவர்கள் பார்க்கச் சொன்னார். அடுத்த சில நாட்களில் அந்த ஊருக்கு 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாம் புரளி என்றுதான் தெரிந்தது. ஆனால் அதற்குள் பள்ளிகளைக் காலி செய்து குழந்தைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

அந்த ஹைட்டியர்களில் பெரும்பாலோர் சட்டப்படி தங்கியிருந்தவர்கள். இதை எடுத்துச் சொன்னவர் டிரம்பின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டிவைன். அவர் பிறந்த ஊரே அதுதான். அப்படியும், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பெரிய அளவில் ஆட்களை வெளியேற்றுவோம் என்றார் டிரம்ப். சட்டத்தை மீறியது யார் என்ற கேள்வியே அங்கே அடிபட்டுப் போய்விட்டதே! நீங்கள் சொல்லும் உரிமை அந்தக் கேள்வியின் மேல்தானே நிற்கிறது?

'குற்றவாளிகள்' என்று மொத்தமாக முத்திரை குத்துவதும் இதே ரகம். விசாக் காலம் முடிந்தும் தங்கிவிடுவது அமெரிக்கச் சட்டப்படி தன்னளவில் கிரிமினல் குற்றம் அல்ல. நாடு கடத்தலாம், சரி. ஆனால் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

எதிர்த்தரப்புக்கும் இது பொருந்தும். மினசோட்டா ஆளுநர் வால்ஸ், குடியேற்ற அமலாக்கத் துறையினரை 2025-ல் 'கெஸ்டபோ' (ஹிட்லரின் நாஜி ஆட்சியில் இருந்த ரகசியப் போலீஸ்) என்றார். அதிகாரி எந்த உத்தரவோடு வந்தார், யாரைப் பிடித்தார், ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டிய இடத்தில், ஒரே சொல்லில் எல்லாரையும் நாஜிகளாக்குவது சரியில்லை.

கடைசியாக ஒன்று. 2023-ல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியர் ஒருவர் ஓட்டிய வேன் பள்ளிப் பேருந்தில் மோதி, 11 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். வழக்கு நடந்தது, ஓட்டியவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. சட்டம் தன் வேலையை முடித்துவிட்டது. அதன் பிறகும் தேர்தல் நேரத்தில் சில அரசியல்வாதிகள் அதைக் 'கொலை' என்றார்கள். பையனின் அப்பா நகர ஆணையக் கூட்டத்துக்கே வந்து, தன் மகன் கொலை செய்யப்படவில்லை, விபத்தில் இறந்தான், அவன் சாவை அரசியலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். விபத்து நடந்த அன்று காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இழந்தவர் அவர்.