கித்தார் கேள்வி–பதில்: அதிக அவுட்புட் பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நண்பர்களோடு இசைக்குழு வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று தோட்டம் தோட்டமாகப் போய் வாசிக்கிறோம். என்னுடையது இரண்டு ஹம்பக்கர் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பில், இரட்டைச் சுருள் வைத்த வகை) பொருத்திய பழைய கித்தார். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் என் சத்தமே கேட்பதில்லை. பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் உடம்பில் முடிகிற பக்கம்) 16 கிலோ ஓம் மின்தடை உள்ள பிக்கப் போடு, தூக்கிக் கொடுக்கும் என்கிறார் ஒரு நண்பர். 8 போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்களுக்கு 8 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் உள்ள மிதமான பிக்கப்தான் சரி. காரணத்தைச் சொல்கிறேன்.

கல்யாணக் கச்சேரியில் கித்தாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். பாட்டு முழுக்கக் கோர்ட் பிடிக்க வேண்டும், சரணத்துக்கு முன்னால் நாலு வரி லீட் வாசிக்க வேண்டும், பாடகர் வாயைத் திறந்ததும் அடங்கிவிட வேண்டும். அத்தனையும் வலக்கை அழுத்தத்திலும் வால்யூம் குமிழிலும் நடக்கிற வேலை. அதிக அவுட்புட் பிக்கப், அதாவது பலமான சிக்னல் தருவது, ஆம்பின் நுழைவாயிலையே நிரப்பிவிடும். அப்புறம் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். உங்கள் விரல் செய்கிற நுணுக்கம் யாருக்கும் கேட்காமல் போவது எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று, சுருளில் செம்புக் கம்பிச் சுற்று கூடக் கூட பிக்கப்பின் இண்டக்டன்ஸ் (வேகமான மின் அதிர்வைத் தடுக்கும் குணம்) கூடும், ட்ரெபிள் என்கிற கூர்மையான மேல் ஒலி மங்கும். கீபோர்டை மீறி உங்கள் கித்தாரைக் காட்டிக் கொடுப்பதே அந்த மேல் பகுதிதான். அதைத் தொலைத்துவிட்டு நடுப்பகுதியில் பருமனைக் கூட்டினால், கீபோர்டுக்காரரின் இடக்கை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் போய் மோதுவீர்கள்.

அதிக அவுட்புட் பிக்கப் எதற்காக வந்தது என்பதையும் பாருங்கள். கிப்சன் கித்தார் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், 1957 முதல் கித்தார்களில் வந்தது. அது 8 கிலோ ஓம் சுற்றுவட்டாரம்தான். 1970களின் தொடக்கத்தில் டிமார்சியோ நிறுவனம், செராமிக் காந்தம் வைத்து 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது. வால்வு ஆம்பைச் சீக்கிரம் பிளிற வைப்பதுதான் அதன் நோக்கம். இன்று அந்த வேலையை எஃபெக்ட் புரொசெசரின் (கித்தார் ஒலியை மாற்றித் தரும் பெட்டியின்) கெய்ன் குமிழே செய்துவிடுகிறது. மண்டபத்தில் நேராக மிக்சருக்குப் போகிறவருக்குப் பலமான பிக்கப் தருவது, புரொசெசரின் சிவப்பு விளக்கு எரிகிற தொல்லையைத்தான். மெட்டல் குழுவில் கனத்த டிஸ்டார்ஷனோடு முழு நேரமும் வாசிப்பவர் கேட்டிருந்தால், அதிக அவுட்புட்டையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஓம் கணக்கை வைத்துப் பலத்தை அளக்காதீர்கள். மெல்லிய கம்பி சுற்றினால் அதே சுற்றுக்கு ஓம் கூடிவிடும். காந்தம் என்ன என்பதும் சேர்த்துத்தான் பலம். சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி பிக்கப் 16-க்கு மேல் காட்டும், சூப்பர் டிஸ்டார்ஷன் 14-ஐத் தொடாது. ஆனால் கேட்டுப் பார்த்தவர் பின்னதை நோஞ்சான் என்று சொல்லவே மாட்டார். வெயிலும் கணக்கை மாற்றும். ஏர்கோன் அறையில் 8.0 காட்டுகிற பிக்கப், மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே என் பட்டறையில் 8.4 பக்கம் காட்டும். செம்புக் கம்பி சூடானால் மின்தடை ஏறும், அவ்வளவுதான். பிக்கப் மாறவில்லை.

இப்போது காசு செலவில்லாத வேலை. கடைசி ஃபிரெட்டில் (விரல் பலகையின் கடைசி உலோகப் பட்டையில்) கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் முகத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ரூலரால் அளங்கள். பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர், நெக் பக்கம் 2.4 என்று தொடங்குங்கள். பழைய கித்தார்களில் ஸ்குரூ தளர்ந்து பிரிட்ஜ் பிக்கப் உள்ளே இறங்கிக் கிடப்பது சகஜம். கால் திருகு ஏற்றி, வாசித்து, மறுபடி கால் திருகு. சத்தம் முன்னால் வந்து நிற்கும் இடம் உங்கள் காதுக்கே தெரியும். அடுத்த ஒத்திகையில், நீங்கள் லீட் எடுக்கும்போது மட்டும் இடக்கையைக் குறைக்கும்படி கீபோர்டு நண்பரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 8 கிலோ ஓம், அல்னிகோ காந்தம் வைத்த ஹம்பக்கர் வாங்குங்கள். பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள தூரத்தை அளந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கித்தாரின் வால்யூம், டோன் குமிழ்கள் 500 கிலோ ஓம்தானா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கித்தாரைப் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) வாசித்தால் ஒரே இரைச்சல். பலமான சிங்கிள் காயில் போட்டால் அடங்குமா?
– வாசகி, கோலகங்சார்

பதில்: அடங்காதும்மா. சுற்று கூடினால் இரைச்சலையும் சேர்த்தே அதிகமாகப் பிடிக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் குழல் விளக்கும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து இரைச்சலை அடித்துவிடுகிற, சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர் கேளுங்கள். அதுவரை விளக்கிலிருந்தும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் தள்ளி நின்று, சத்தம் குறைகிற பக்கமாகத் திரும்பி வாசியுங்கள்.