கறுப்புத் தொட்டிக்குத்தான் காசு

"அண்ணா, ஜெர்மனி வந்து ஒரு மாதம் ஆகிறது, வாசலில் நாலு கலரில் குப்பைத் தொட்டி, நேற்று மாடி வீட்டுப் பாட்டி ஏதோ சொல்லித் திட்டிவிட்டுப் போனார், இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு ஒழுக்கம், நம்ம ஊரில் ஏன் முடியவில்லை?" என்று ஏற்காட்டுத் தம்பி கேட்டிருந்தீர்கள். நான் அங்கே போய்ப் பதினாலு வருடம், இப்போது லீவில் வந்து சேலம் அம்மாப்பேட்டை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஒழுக்கமெல்லாம் அப்புறம், முதலில் காசு. வேறு எந்தத் தொட்டியிலும் சேராத மிச்சக் குப்பைக்கான கறுப்புத் தொட்டிக்குக் கட்டணம் உண்டு, தொட்டி பெரிதானால் கட்டணமும் ஏறும். மஞ்சள் தொட்டிக்கு நீங்கள் தனியாக எதுவும் கட்டுவதில்லை, பிஸ்கட் கவரையும் ஷாம்பு டப்பாவையும் விற்கிற கம்பெனிகள்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒழுங்காகப் பிரித்தால் கறுப்புத் தொட்டி சின்னதே போதும். அடுக்குமாடியில் அந்தக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் பங்கு பிரிந்து வாடகையோடு வரும். நீங்கள் வெங்காயத் தோலைக் கேரி பேக்கோடு, சமையல் கழிவுக்கான பழுப்புத் தொட்டியில் போட்டிருந்தால் வண்டிக்காரர் அதை எடுக்காமலே போய்விடுவார், பிறகு தனியாகப் பணம் கட்டி எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும், அதில் பாட்டியின் பென்ஷனும் கொஞ்சம் கரையும். திட்டாமல் என்ன செய்வார்?

சமையல் கழிவைப் பழைய பேப்பரில் சுற்றிப் போடுங்கள். நீலம் பேப்பருக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும், நகராட்சி தரும் குப்பை காலண்டரை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். ஊறுகாய் பாட்டிலைத் தெருக்கோடி கண்ணாடித் தொட்டியில் நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்கள்.

தண்ணி பாட்டிலை நசுக்காதீர்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால்தான் வாங்கும்போது கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். நம்ம ஊர் பாட்டிலில் 'குடித்தபின் நசுக்கவும்' என்று போட்டிருக்குமே, அந்தப் பழக்கத்தில் நான் முதல் மாதம் ஒரு பை நிறைய நசுக்கிக் கொண்டுபோய்க் கடை மெஷினில் போட, பார்கோடு தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருப்பித் துப்பியது. பாட்டிலுக்கு 25 சென்ட், நாலு பாட்டில் ஒரு யூரோ, பின்னால் வரிசை நிற்க எனக்கு மானம் போனது. இந்த டெபாசிட் அங்கே 2003-லிருந்து இருக்கிறது.

இது நமக்குப் புதுசா என்ன? கோலி சோடா பாட்டிலைத் திருப்பித் தராமல் கடைக்காரர் விட்டிருக்கிறாரா? எங்கள் அம்மா இன்னும் பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறார். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்ததும் இதே கணக்குதான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்துக் கொடுத்ததைக் கடைசிவரை பிரித்தே கொண்டுபோனால் போதும், ஒரே வண்டியில் சேர்த்துக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு எந்த வீட்டில் மறுநாள் பிரிப்பார்கள்?

சரி, ஊரிலிருந்து ஏற்காட்டுக் காப்பித்தூள் கொண்டுபோயிருப்பீர்கள், ஒரு பொட்டலம் பாட்டிக்குக் கொடுங்கள். சக்கை பழுப்புத் தொட்டியில்.