பைரனீஸ் அடிவாரத்து பாஸ்க் ஊருக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: வரும் மே மாதம் நானும் என் அக்காவும் (வயது 63) பிரான்ஸ் போகிறோம். ஸேன் ழான் பியே த போர் என்ற, பாஸ்க் இன மக்களின் பழைய ஊரில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். மறுநாள் மலையைக் கடந்து ஸ்பெயினுக்கு நடக்க ஆசை. முடியுமா? நாங்கள் முட்டை சாப்பிடும் சைவர்கள். – வாசகி, மதுரை

பதில்: ஒரு நாள் போதாது. இரண்டு இரவு தங்குங்கள். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தால் திங்கள்கிழமைச் சந்தையும் கிடைக்கும்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து பயோனுக்கு அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து நீவ் ஆற்றை ஒட்டியே சிறு ரயிலில் இன்னொரு மணி நேரம். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டாவது ரயிலில்தான். நாளுக்குச் சில வண்டிகள்தான் ஓடும். சில நாள் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள். அதனால் முதலில் கடைசிச் சிறு ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பாரிஸ் டிக்கெட்டை எடுங்கள்.

ஊர்ப் பெயரில் வரும் 'போர்' துறைமுகம் அல்ல, கணவாய். பாஸ்க் மொழியில் ஊரின் பெயர் டோனிபானே கராஸி. செங்குத்தாக ஏறும் சித்தாதெல் தெருவில் அவசரப்படாமல் நடந்து, ஒவ்வொரு வாசலின் மேற்கல்லையும் அண்ணாந்து பாருங்கள். வீடு கட்டிய ஆண்டைச் செதுக்கி வைத்திருப்பார்கள். 1510 என்று பொறித்த வீட்டின் மாடி, செங்கல்லும் மரச்சட்டமுமாக இருக்கும். நீவ் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எஸ்பாஞ் தெருவில் ஒரு மேற்கல்லில் 1789ஆம் ஆண்டின் கோதுமை விலையே இருக்கிறது! பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு அது. மழை பெய்தால் இந்தக் கல் பாவிய தெரு வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம்.

தெருவின் உச்சியில் இருக்கும் யாக்கோபு வாயில் 1998 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதற்கும் மேலே உள்ள கோட்டைக்குள் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. உள்ளே விடவில்லையே என்று வருந்த வேண்டாம், வெளி மதிலிலிருந்தே முழுப் பள்ளத்தாக்கும் தெரியும்.

இனி நடை. இது ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை. எல்லை தாண்டி ஸ்பெயினில் உள்ள ரொன்செஸ்வாயெஸ் வரை சுமார் 25 கி.மீ. தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளை அடிக்கும்: ஊர் ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லெபோடர் கணவாய் ஏறத்தாழ 1,430 மீட்டரில். முதல் 8 கி.மீ.தான் மிகக் கடினம். ஓரிசோன் விடுதியில் முன்பதிவு செய்து அங்கே ஓர் இரவு தங்கி, நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே உங்கள் அக்காவுக்கு நல்லது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். உச்சியிலிருந்து காட்டு வழியாக நேரே இறங்கினால் முழங்கால் படாத பாடு படும். வலப்பக்கம் இபான்யேதா வழியாகச் சுற்றி இறங்குங்கள். மேலே மே மாதத்திலும் மூடுபனி சூழும், குளிர் காற்று வீசும். கிளம்புமுன் சித்தாதெல் தெரு 39ஆம் எண்ணில் உள்ள யாத்ரீகர் அலுவலகத்தில் வானிலை கேளுங்கள். மலைப்பாதை வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வால்கார்லோஸ் வழியாகத் தாழ்வான பாதையில் போங்கள். (நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பாதை மூடியிருக்கும், மீறினால் அபராதம்.) எல்லையில் வழக்கமாகச் சோதனை இல்லை, ஷெங்கன் விசாவே இரு நாட்டுக்கும் போதும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு பிபராட் கேளுங்கள்: குடைமிளகாய், தக்காளி, வெங்காயம் வதக்கி முட்டை சேர்த்தது. மேலே பன்றித் தொடைக்கறி வைப்பது வழக்கம் என்பதால், ஆர்டர் கொடுக்கும்போதே "ஸான் ஜாம்போன்" என்று சொல்லிவிடுங்கள். ஓஸோ-இராதி என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸைக் கறுப்புச் செர்ரி ஜாமோடு தருவார்கள், அருமையான சேர்க்கை. ஆனால் அதை உறைய வைப்பது மரபாக விலங்கின் இரைப்பை நொதி. அது ஆகாதென்றால் பாஸ்க் கேக் வாங்குங்கள். செர்ரி ஜாம் வைத்தது, க்ரீம் வைத்தது என்று இரண்டு வகை உண்டு.