கணப்பிலிருந்து ரயில் வருகிற ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் வரைந்த, கணப்பு அடுப்புக்குள்ளிருந்து (அறையைச் சூடாக்கச் சுவரில் கட்டுவது) ரயில் எஞ்சின் வெளியே வருகிற ஓவியத்தில், ரயில் எதைக் குறிக்கிறது? அவர் கையாண்ட உத்தி என்ன?

ரயில் எதைக் குறிக்கிறது என்று நானும் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ரயில் என்றால் காமம், அடுப்பு என்றால் குடும்பம் என்று மனப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்களிடம் அளந்தும் விட்டிருக்கிறேன். எதைச் சொன்னாலும் பொருந்தியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாக்ரித்துக்கு மனப்பகுப்பாய்வு விளக்கங்களே ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் குறியீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'டைம் ட்ரான்ஸ்ஃபிக்ஸ்ட்' (Time Transfixed) என்று அழைக்கப்படும் இந்த ஓவியம் 1938இல் வரைந்தது. இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் 147 செ.மீ., அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆளில்லாத அறை, பளிங்குக் கணப்பு, மேலே ஒரு கடிகாரம், அதன் இருபுறமும் மெழுகுவத்தி இல்லாத இரண்டு தாங்கிகள், பின்னால் பெரிய நிலைக்கண்ணாடி. நெருப்பு எரிய வேண்டிய இடத்தில் ஒரு நீராவி எஞ்சின் அந்தரத்தில் நிற்கிறது. தண்டவாளம் கிடையாது. ஆனால் புகை மட்டும் நல்ல பிள்ளையாகப் புகைபோக்கிக்குள் ஏறிப் போகிறது! அறையில் ஒரு பொட்டுக் கரி படியவில்லை. எஞ்சினின் நிழல்கூட அடுப்புக்குள் முறையாக விழுகிறது.

இருபது வயதில் கொஞ்சநாள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன் நான். அந்த வேலையில் முதல் பாடமே கை தெரியக்கூடாது என்பதுதான். பார்க்கிறவர் கடைப்பெயரைப் படித்துவிட்டுப் போகணும், பிரஷ் எந்தப் பக்கம் இழுத்தது என்று தெரியக்கூடாது. மாக்ரித்தும் சுவர்த்தாள் தொழிற்சாலையில் வடிவமைப்பு வேலை பார்த்தவர், சுவரொட்டியும் விளம்பரமும் வரைந்து பிழைத்தவர். அந்தக் கை இந்தப் படம் முழுக்க இருக்கிறது. பூச்சு வழவழவென்று, உணர்ச்சியே இல்லாமல், பாடப்புத்தகப் படம் மாதிரி. மாக்ஸ் எர்ன்ஸ்ட் போன்ற சர்ரியலிஸ்டுகள் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்றவர்கள்) மரப்பலகை மேல் தாளை வைத்துத் தேய்த்து, தற்செயலாக வருகிற உருவங்களைத் தேடிப் போனார்கள். இன்னொரு சர்ரியலிஸ்ட் டாலி தன் ஓவியத்தில் கடிகாரத்தை உருக்கினார். மாக்ரித் எந்தப் பொருளையும் உருக்கவில்லை, வளைக்கவில்லை. எஞ்சின் எஞ்சினாகவே இருக்கிறது, கணப்பு கணப்பாகவே இருக்கிறது. இடத்தையும் அளவையும் மட்டும் மாற்றினார். பரபரப்பாகத் தூரிகையை வீசியிருந்தால் 'சரி, யாரோ கண்ட கனவு' என்று நாம் நகர்ந்திருப்போம். இவ்வளவு சாதாரணமாக வரைந்திருப்பதால்தான் நம்பாமல் இருக்க முடியவில்லை.

இனி ரயிலுக்கு வருவோம். அடுப்புக்குள் யானையையோ கப்பலையோ வைக்காமல் ஏன் ரயில்? மாக்ரித் பொருள்களைக் கண்டபடி கோத்தவர் இல்லை. 1933இல் வரைந்த ஓர் ஓவியத்தில், கூண்டுக்குள் பறவைக்குப் பதிலாகப் பெரிய முட்டை ஒன்றை வைத்தார். சம்பந்தமில்லாததுபோலத் தெரியும், ஆனால் முட்டைக்கும் கூண்டுக்கும் நடுவே பறவை மறைந்திருக்கிறது. இங்கேயும் அதே கணக்குதான். கரி அடுப்பை மூடிய கணப்புக்கு முன்னால் வைத்து, அதன் குழாயை உள்ளே செருகிவிடுவது அந்தக் கால ஐரோப்பிய வீடுகளில் வழக்கம். குழாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் எஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே கறுப்பு உருளை. இரண்டுக்கும் கரி வேண்டும், நெருப்பு வேண்டும், புகை போக வழி வேண்டும். கணப்பு இப்போது சுரங்கப்பாதை ஆகிவிட்டது. என் கணிப்பில், 'ரயில் எதைக் குறிக்கிறது' என்பதைவிட 'ரயில் எதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது' என்று கேட்டால்தான் இந்த ஓவியம் திறக்கும்.

பலரும் தவறவிடுவது கண்ணாடியை. தாங்கிகள் இரண்டு, ஆனால் கண்ணாடியில் தெரிவது ஒன்றுதான், கூடவே கடிகாரம். மற்றபடி வெறுமை. நாம் நேர் எதிரே நின்று பார்க்கிறோமே, நம்மைக்கூடக் காணோம். எனக்கு ரயிலைவிட இந்தக் காலிக் கண்ணாடிதான் அதிகம் உறுத்தும்.

காலம் பற்றிய படம் என்று சொல்லலாமா? சொல்லலாம், கடிகாரம் பன்னிரண்டே முக்காலை நெருங்குகிறது, ரயிலும் நேரத்தோடு கட்டிப்போடப்பட்ட வண்டிதான். பிரெஞ்சுத் தலைப்பு இன்னும் கூர்மையானது. ஓடிக்கொண்டிருக்கும் காலம் கத்திக்குத்துப் பட்டது என்கிற மாதிரி அர்த்தம் வரும். ஆங்கிலத்தில் அது வெறுமனே 'உறைந்த காலம்' என்பதுபோல ஆகிவிட்டது. மாக்ரித்துக்கு அதில் வருத்தம்.

அந்தக் கத்தியை அவர் நிஜமாகவே மனதில் வைத்திருந்தார். ஓவியத்தை வாங்கிய எட்வர்ட் ஜேம்ஸ் பெரும் பணக்காரர், இங்கிலாந்தில் சர்ரியலிஸ்டுகளை ஆதரித்தவர். அவர் வீட்டு மாடிப்படியின் அடியில் இது தொங்க வேண்டும், நடன அறைக்கு ஏறிப்போகிற விருந்தாளிகளை எஞ்சின் குத்த வேண்டும் என்பது மாக்ரித்தின் ஆசை. ஜேம்ஸ் கேட்கவில்லை. கொண்டுபோய்த் தன் வீட்டுக் கணப்புக்கு மேலேயே மாட்டிவிட்டார்.