சென்னை தோற்றால் சோறு இறங்கவில்லையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஐபிஎல் வந்துவிட்டால் ராத்திரி 7.30 மணிக்கு டிவி முன்னால் உட்காருகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். சென்னை தோற்ற அன்று சாப்பாடும் கிடையாது, யாரிடமும் பேச்சும் கிடையாது. அவன் அப்பாவோ "மேட்ச்தானே பார்க்கிறான், விடு" என்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மேட்ச் பார்ப்பதில் தப்பே இல்லை, சகோதரி. நல்ல யார்க்கரில் ஸ்டம்ப் எகிறும்போது நானும்தான் கத்துகிறேன். ஆனால் பட்டினி கிடக்கும் அளவுக்குப் போவதை அப்படியே விடக் கூடாது. 2025இல் சென்னை 14 ஆட்டங்களில் பத்தில் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனதே, அந்த இரண்டு மாதமும் எத்தனை வீடுகளில் இப்படித் தட்டு அப்படியே இருந்திருக்குமோ!

யாருக்காக இந்தப் பட்டினி என்று அவனிடம் சண்டை போடாமல் பேசிப் பாருங்கள். ஐபிஎல் அணி என்பது ஒரு கம்பெனி. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருவார்கள், அடுத்த ஏலத்தில் வேறு ஊருக்குப் போவார்கள். சூதாட்ட விவகாரத்தால் சென்னை அணி 2016, 2017 இரண்டு வருடமும் ஆட முடியாமல் போனபோது தோனியே புனே அணிக்குத்தான் ஆடினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் தொழில். தோற்றாலும் மறுநாள் பயிற்சிக்குப் போய்விடுவார், சம்பளமும் வரும். நம் பையன்தான் அடுத்த மேட்ச் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான்.

2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இவ்வளவு போட்டவர்கள் எதை விற்று அதைத் திருப்பி எடுப்பார்கள்? உங்கள் மகன் டிவி முன்னால் உட்காரும் நேரத்தைத்தான். ஓவருக்கு ஓவர் விளம்பரம், அது போதாதென்று நடுவில் இரண்டரை நிமிட டைம் அவுட் நான்கு தடவை. அவன் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க அவர்களுக்கு லாபம்.

டிவியைப் பிடுங்காதீர்கள், போனில் பார்ப்பான். சாயங்காலம் அவனை கிரவுண்டுக்கு அனுப்புங்கள், முடிந்தால் அப்பாவும் கூடப் போய் நாலு பந்து போடட்டும். தானே ஆடி, டக் அவுட் ஆகி, கூட்டாளிகளிடம் திட்டு வாங்கிப் பழகிய பையனுக்குத் தோல்வி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பார்க்க மட்டும் செய்கிறவனுக்கு அதை இறக்கி வைக்க இடம் இல்லை.

கேள்வி: சாதி, மதம் பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைப்பது கிரிக்கெட்தானே, அதைப் போய் வெறி என்கிறார்களே?
– வாசகர், தாம்பரம்

பதில்: உட்கார வைக்கும்தான். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. அப்போது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டியது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆட்டத்தின் மேல் பாசம்.

அரியலூர் மாவட்டத்தில் 2022 அக்டோபரில் நடந்ததை என்ன சொல்வது? கோலியா ரோஹித்தா என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்களில் ஒருவர் இன்னொருவரை அடித்தே கொன்றுவிட்டார். பெங்களூரு 18 வருடம் காத்திருந்து கோப்பை வாங்கிய மறுநாள், 2025 ஜூன் 4, சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். சந்தோஷப்படப் போனவர்கள் அவர்கள். எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கூட்டத்துக்குச் சரியான ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் மேல்தான். ரசிகன் என்றால் எப்படியும் வருவான், முண்டியடித்தாவது வருவான் என்று அவனை லேசாக நினைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேள்வி: கிரிக்கெட் தவிர மற்ற விளையாட்டை யார் மதிக்கிறார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் மாவட்டத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கியவர். அவர் தாண்டியதை நேரலையில் பார்த்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஊரில் கபடிப் போட்டி நடந்தால் குடும்பத்தோடு போய் நில்லுங்கள். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து "ஏன்?" என்று கேளுங்கள்.