சிப்பிப் பாறையில் விளைந்தால் சிப்பி ருசிக்குமா? ஒயினும் மண்ணும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஏறக்குறைய ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சாப்லி ஒயினில் கடல் வாசமும் கல் வாசமும் வருகிறதாம். அங்கே பாறையில் சிப்பி இருப்பதுதான் காரணமா?

பாறையில் சிப்பி இருப்பது உண்மை. சாப்லி விளையும், பிரான்ஸில் வட பர்கண்டியின் அந்தச் சரிவுகள் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலாக இருந்தவை. கிம்மரிட்ஜியன் எனப்படும் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த அந்த அடுக்கில் ஒரு கல்லை எடுத்தால் குட்டிக் குட்டிச் சிப்பிகள் கண்ணுக்கே தெரியும். ஆனால் திராட்சைக் கொடியின் வேர் சிப்பியைத் தின்பதில்லை, நீரில் கரைந்த அயனிகளைத்தான் உறிஞ்சுகிறது. சிப்பியிலிருந்து வந்த கால்சியத்துக்கும் மூட்டையில் வாங்கிப் போட்ட சுண்ணாம்பின் கால்சியத்துக்கும் கொடிக்கு வித்தியாசம் தெரியாது. தவிர, பாறைக் கனிமங்கள் ஆவியாவதில்லை, ஆவியாகாத ஒன்றுக்கு மணம் ஏது? வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார், விற்கிறவர்கள் காதில்தான் ஏறவில்லை. தீக்கல்லை உரசியது போன்ற அந்த வாசம் பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களின் வேலை. மிச்சம், குளிர்ந்த ஊரில் பழுத்த சார்டனே திராட்சையின் கூரான புளிப்பு.

அப்படியென்றால் மண்ணுக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. முக்கியமான வேலை தண்ணீரை அளந்து கொடுப்பது. பிரான்ஸின் போர்டோவில் ஜெரார் செகான் என்ற ஆய்வாளர் மெடாக் பகுதித் தோட்டங்களின் மண்ணை நெடுங்காலம் ஆராய்ந்தார். எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் ஒயினின் தரத்துக்கும் அவரால் தொடர்பு காட்ட முடியவில்லை. தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது. மெடாக்கின் மேடுகள் ஆறு கொண்டுவந்து குவித்த சரளை. மழை தங்காமல் கீழே இறங்கிவிடும், வேரும் ஈரம் தேடி ஆழமாகப் போகும், கோடையில் காய் நிறம் மாறுகிற சமயத்தில் தண்ணீர் லேசாகப் பற்றாமல் போகும். உடனே கொடி துளிர் விடுவதை நிறுத்திவிட்டுச் சர்க்கரையைப் பழத்துக்கு அனுப்புகிறது. பழமும் சிறுத்தே இருக்கும். சிறிய பழம் என்றால் சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு கூடும், நிறமும் துவர்ப்பும் இருப்பது தோலில்.

எதிர்க்கரைப் பக்கம் பொமரோலில் இருக்கும் பெத்ரூஸ் தோட்டமோ கனத்த களிமண். தண்ணீர் கட்டும் மண்ணில் எப்படி நல்ல ஒயின் என்று கேட்பீர்கள். அந்தக் களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறது, ஆகவே அங்கேயும் கொடிக்கு அளவான தாகம் இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் சூடு. சரளை சீக்கிரம் சூடேறும், அதனால் தாமதமாகப் பழுக்கும் கேபர்நே சாவிஞோன் திராட்சை அங்கே. களிமண் குளிர்ந்தது, அதற்கு முன்னதாகவே பழுத்துவிடும் மெர்லோ திராட்சைதான் சரி.

ஜெர்மனியின் மோசெல் பகுதி ஸ்லேட் கல்லும் இப்படித்தானா?

ஆமாம், சூடு. கருத்த கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், வடக்கே அவ்வளவு தூரத்தில் ரீஸ்லிங் திராட்சை பழுக்க அது உதவும். ஆனால் பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்து. தெற்குப் பார்த்த அப்படியொரு சரிவை விட்டுவிட்டுக் கல்லுக்கு மட்டும் பெயர் கொடுப்பது அநியாயம்.

சத்தில்லாத மண்ணில்தான் நல்ல ஒயின் வரும் என்பது உண்மையா?

பாதி உண்மை. தழைச்சத்து அதிகமானால் கொடி இலையாகவே தழைத்து, பழம் நிழலில் கிடந்து அழுகும். மிகவும் குறைந்தால் சாற்றில் ஈஸ்ட்டுக்குத் தீனி இல்லாமல் நொதித்தல் பாதியில் நிற்கும், அழுகிய முட்டை நாற்றமும் வரலாம். சாம்பல் சத்து இன்னும் சுவாரசியம். அது பழத்தில் கூடினால் டார்ட்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும், பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும், ஒயின் சப்பென்று ஆகும். மண்ணின் ஒரு கனிமம் ருசியைத் தொடுகிறது என்றால் அது இந்த மாதிரிச் சுற்றுவழியில்தான்.

இப்போது ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகளுக்கு அமெரிக்க வேர்தானே? பிறகென்ன மண்ணின் பெருமை?

நல்ல குத்தல். 1860களில் பிரான்ஸுக்குள் வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது, அதைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டினார்கள். அங்கேதான் மண் தன் குணத்தைக் காட்டியது: சுண்ணாம்பு நிலத்தில் பல அமெரிக்க வேர்களுக்கு இரும்புச் சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளித்துப் போயிற்று. 1887ல் பிரெஞ்சுத் திராட்சை ஆய்வாளர் பியர் வியாலா அமெரிக்காவுக்கே போனார், டெக்ஸாஸில் டி. வி. மன்சன் என்ற திராட்சை வல்லுநர் அவருக்குச் சுண்ணாம்புக் குன்றுகளில் தானாக வளரும் பெர்லாண்டியேரி கொடியைக் காட்டினார். அந்த இனம் கலந்த வேர்களில்தான் பிரான்ஸின் சுண்ணாம்பு நிலங்கள் பிழைத்தன. எந்த வேர் என்பதை இன்றும் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். லிஸ்பனுக்கு அருகே கொலாரெஸில் மணலுக்குள் அந்தப் பூச்சியால் நடமாட முடியாது, அங்கே பழைய கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

குடித்துப் பார்த்தே இது கருங்கல் மண், இது சுண்ணாம்பு மண் என்று சொல்லிவிடலாமா?

சொல்கிறவர்கள் பெரும்பாலும் திராட்சையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஊரை யூகித்து, ஊரிலிருந்து மண்ணைச் சொல்கிறார்கள். பர்கண்டியை ஒட்டிய போஜோலேயின் கருங்கல்லில் கமே என்ற திராட்சை விளைகிறது என்றால், 1395ல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தன் நிலத்திலிருந்து கமேயைத் துரத்தியதற்கும் அதில் பங்குண்டு. ஒப்பிட வேண்டுமானால் இத்தாலியின் பரோலோ பகுதியில் லா மோர்ரா, செர்ராலுங்கா என்ற இரண்டு ஊர்களை எடுங்கள்: திராட்சை இரண்டிலும் நெபியோலோ, மண்ணடுக்கின் வயது வேறு, முதலாவது மென்மை, இரண்டாவது முரடு என்று பெயர். ஒரே தயாரிப்பாளர், ஒரே வருடம் என்று இரண்டு புட்டி கிடைத்தால் வித்தியாசம் தெரிய நிறைய வாய்ப்புண்டு. அது மண்ணால்தான், சரிவாலோ உயரத்தாலோ அல்ல என்று மட்டும் நான் பந்தயம் கட்டமாட்டேன்.