பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்கும்போது எந்த முகக்கவசம்?

கேள்வி: அம்மாப்பேட்டையில் எங்கள் விசைத்தறிக் கூடத்தின் மேல் 25 ஆண்டுகளாகக் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டைகள் ஆடிக் காற்றில் விரிசல் விட்டுவிட்டன. அடுத்த வாரம் ஆள் வைத்து இறக்கப்போகிறோம். வீட்டில் மீதமிருக்கும் கொரோனா காலத்து முகக்கவசங்களை வேலையாட்களுக்குக் கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: போதாது. வேலை தொடங்குமுன் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. அட்டையில் பெரும்பகுதி சிமெண்ட். பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை. அட்டை முழுதாக இருக்கும்வரை சிமெண்ட் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ துளையிட்டாலோ, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து, நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கிவிடுகின்றன. இவற்றால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதால், வேலை முடிந்த அன்று யாருக்கும் இருமல் வரவில்லை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

துணிக் கவசமும் மருத்துவமனைகளில் அணியும் மெல்லிய கவசமும் கன்னத்தோடு ஒட்டுவதில்லை. மூச்சை இழுக்கும்போது காற்று பக்கவாட்டு இடைவெளி வழியாகவே உள்ளே புகும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதாலும் பயனில்லை. என்95 கவசம் நுண்துகள்களில் 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்றாலும், அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் அந்த வகைக் கவசங்களைக் கல்நார் வேலைக்கு அனுமதிப்பதில்லை. ரப்பர் முகப்பும், கழற்றி மாட்டக்கூடிய பி100 அல்லது பி3 (நுண்தூசியைத் தடுக்கும் உயர்தர வகைகள்) வடிகட்டிகளும் உள்ள, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கவசத்தையே ஆளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுங்கள். வாயுக்களுக்கான கார்ட்ரிட்ஜ் மட்டும் பொருத்திய கவசம் தூசியைத் தடுக்காது; கடையில் இதைக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். அணிந்தபின் இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுத்தால், கவசம் முகத்தை நோக்கிச் சற்று உள்வாங்க வேண்டும். ஓரத்தில் காற்று நுழைந்தால் வாரை இறுக்கி மறுபடி பார்க்க வேண்டும். தாடி உள்ளவருக்குக் கவசம் ஒட்டாது. அன்று காலையே மழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆயினும் கவசம் கடைசிக் காவல்தான். தூசி எழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. காற்று அடங்கிய காலையில், அட்டைகளை நீர் தெளித்து நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு அட்டையாகவே இறக்க வேண்டும்; மேலிருந்து வீசக் கூடாது. விரிசல் விட்ட அட்டைமேல் கால் வைத்தால் ஆளோடு உடையும், ஆகையால் சாரம் கட்டாமல் ஏற்றாதீர்கள். தரையில் விழுந்த துகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உடைசல்களோடு சேர்த்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வேலை உடுப்பை உதறாமல் நனைத்துத் தனியே துவைக்க வேண்டும். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தே நோய்க்கு ஆளான பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இதே அட்டை வேய்ந்த வீட்டில் வசிக்கிறோம். நாங்களும் கவசம் அணிய வேண்டுமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: அட்டை உடையாமல் இருந்தால் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பனியிலும் மழையிலும் கூரையில் படியும் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். நைந்த மேற்பரப்பிலிருந்து இழைகள் பெயர்ந்து வருவது அப்போதுதான்.